சம்பளம் அவள் பேரில், காசு யார் கையில்? வெளிநாட்டு அமைப்புகளிடம் நாம் என்ன கேட்பது?

கொட்டகலை வாணி

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் 25 தொடங்கி டிசம்பர் 10 வரை பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக உலகமெங்கும் 16 நாள் இயக்கம் நடக்கும். அதையொட்டிப் பல நாட்டுப் பெண்கள் அமைப்புகள் இணையவழியில் ஒரு கூட்டம் வைக்கின்றன. பேசப்போவது பொருளாதார வன்முறை பற்றி. இலங்கை மலையகத்தில் இருந்து எங்கள் மாதர் குழுவுக்கும் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நம்முடைய கஷ்டத்தைச் சொல்லி அழுதுவிட்டு வர எனக்கு விருப்பமில்லை. இன்னது வேண்டும் என்று கேட்டுவிட்டு வர வேண்டும். என்ன கேட்கலாம்? இங்கே தோட்டத்தில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

எதைப் பற்றிக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடி உதை இல்லாத வீட்டிலும் இது நடக்கும். சம்பளத்தை அப்படியே வாங்கிக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் மறிப்பது, அவள் பேரில் கடன் எடுத்துவிட்டுக் கட்டாமல் விடுவது, தாலிக்கொடியை அடகு வைப்பது, பிரிந்து போனால் பிள்ளைகளுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் இழுத்தடிப்பது, எல்லாம் இதில் சேரும். அடி விழும் வீட்டில் அவள் ஏன் இன்னும் இருக்கிறாள் என்று கேட்கிறார்களே, பஸ்ஸுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை என்பதுதான் பாதிப் பதில்.

சம்பளம் போட்ட மறுநாள் டவுனில் ஏடிஎம் வரிசையைப் பாருங்கள். மனைவி, மகள், மாமியார் என்று மூன்று பேரின் கார்டை ரப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்துக்கொண்டு ஆண்கள் நிற்பார்கள். கார்டின் பின்பக்கம் ஒட்டிய பிளாஸ்டரில் ரகசிய இலக்கம் பேனையால் எழுதியிருக்கும். கார்டுக்குச் சொந்தக்காரி அந்த நேரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். பேங்க் கணக்கு வந்தால் பெண்ணின் காசு பெண்ணிடம் இருக்கும் என்று எத்தனை பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்!

மஸ்கெலியா சங்கர்

வாணி அக்கா, கோபிக்காமல் கேளுங்கள். நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன், மனதில் பட்டதைச் சொல்கிறேன். தோட்டத்தில் நடக்கும் பெரிய பொருளாதார வன்முறை கம்பனி செய்வதுதான். 1000 ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருஷம் போராடினோம்? 2021இல்தான் கிடைத்தது. 2024இல் 1350 ஆனது. அதற்குள் சாமான் விலை எங்கேயோ போய்விட்டது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிறார்கள். மாதத்தில் எத்தனை நாள் வேலை தருவது என்பதும் அவர்கள் கையில். அட்வான்ஸ், தீபாவளி முற்பணம், சந்தா, தேயிலைத்தூள் எல்லாம் கழித்து மிச்சம் வருகிற காசு புருஷன் கையில் இருந்தால் என்ன, மனைவி கையில் இருந்தால் என்ன, பத்து நாளைக்குத்தான் தாங்கும்.

இன்னொன்று. வெளிநாட்டு அமைப்புகள் வருகின்றன, ஹோட்டலில் பயிலரங்கு வைக்கின்றன, சாப்பாட்டுப் பார்சலும் ஒரு பையும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போகின்றன. அடுத்த வருஷம் வேறு தலைப்பு. அதனால்தான் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

கொட்டகலை வாணி

கோபம் எதற்கு தம்பி. சம்பளம் போதாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. ஆனால் புருஷன் கையில் இருந்தாலும் மனைவி கையில் இருந்தாலும் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் ஏற்க முடியாது. அந்தப் பத்து நாள் காசில் பிள்ளைக்குப் பால்மா வருகிறதா, சாராயத் தவறணைக்குப் போகிறதா என்பது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

1984 வரைக்கும் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். அந்த வருஷம் வேலைநிறுத்தம் செய்துதான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அது சங்கத்தின் வெற்றி, யாரும் மறுக்கவில்லை. ஆனால் சமமாக வந்த சம்பளத்தைப் பல தோட்டங்களில் கணவனோ தகப்பனோ கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்கள். செக்ரோலில் (வேலை, சம்பளப் பதிவேட்டில்) அவள் பேர், மேசையில் அவன் கை. அதைக் கேட்க எந்தச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. உங்களைப் போன்றவர்கள் கேட்டால்தான் தலைவர்கள் காதில் விழும்.

நுவரெலியா மதி

சட்டத்தரணியாக இருப்பதால் சட்டப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

நம்மிடம் இருப்பது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். உடல் ரீதியான குற்றங்களும் கடுமையான மனரீதியான கொடுமையும் அதன் வரைவிலக்கணத்தில் இருக்கின்றன. பொருளாதார வன்முறை என்று தனியாக ஒரு வரி இல்லை. அதே வருஷம் இந்தியா கொண்டுவந்த சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது: அவளுக்கு உரிமையான பணத்தைக் கொடுக்காமல் விடுவது, சீதனப் பொருளை விற்பது, வீட்டில் அவள் பயன்படுத்தி வந்ததை மறிப்பது எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. நம்முடையதில் அது விடுபட்டது பெரிய குறை.

ஆனாலும் ஒன்றுமே இல்லை என்று பெண்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். பயமுறுத்திக் காசு பறிப்பது சட்டத்தின் அட்டவணையில் குற்றமாக இருக்கிறது. பாதுகாப்புக் கட்டளை கொடுக்கும்போது, பொதுவாகப் பயன்படுத்தும் வளங்களை அவளுக்கு மறுக்கக்கூடாது, அவள் நிர்க்கதியாகும்படி குடும்ப வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றெல்லாம் நீதவான் தடை போடலாம். அவசரச் செலவுக்குக் காசு கொடுக்கும்படியும் கட்டளை இடலாம். விவாகரத்து வழக்குப் போட்டிருக்கத் தேவையில்லை. அவளுக்காகப் பொலிஸ் அதிகாரியும் மனுப் போடலாம். கட்டளை 12 மாதம் வரை இருக்கும். நடைமுறையில் மனுவை எழுதும்போது அடித்தது, ஏசியது மட்டும் எழுதுகிறோம். கார்டைப் பிடுங்கியது, நகையை அடகு வைத்தது எதுவும் மனுவில் வருவதில்லை. எழுதாததற்கு நீதிமன்றம் எப்படிக் கட்டளை போடும்?

பிள்ளைப் பராமரிப்புக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அதற்கும் வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

வாணி அக்காவின் கேள்விக்கு வந்தால், பெண்களுக்கு எதிரான எல்லாப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் ஐநா சமவாயம், சீடோ என்பார்களே, அதை இலங்கை 1981இலேயே ஏற்றுக்கொண்டது. வங்கிக் கடனிலும் பிற நிதி வசதியிலும் பெண்ணுக்குச் சம உரிமை என்று அதன் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. 2017இல் சீடோ குழு வெளியிட்ட 35ஆம் பொதுப் பரிந்துரை, பெண்கள் மீதான வன்முறையில் பொருளாதாரத் தீங்கையும் சேர்த்துச் சொல்கிறது. அரசாங்கம் ஜெனீவாவில் அந்தக் குழுவுக்கு அறிக்கை கொடுக்கும்போது பெண்கள் அமைப்புகளும் தங்கள் பக்க அறிக்கையைக் கொடுக்கலாம். தோட்டத்துப் பெண்ணின் ஏடிஎம் கார்டு அந்த அறிக்கையில் வர வேண்டும்.

பண்டாரவளை ரீட்டா

நான் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். இரண்டு இடத்தில் இது எனக்கு நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலாவது அங்கே. மாடம் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார். ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறேன் என்பார். பாஸ்போட்டும் அவர் அலுமாரியில். குவைத்தில் 2015இல் வீட்டு வேலைக்காரர்களுக்கு என்று 68ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது, பாஸ்போட்டைப் பிடித்து வைக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது என்பது அங்கே இருந்த கேரளாக்காரப் பெண் சொல்லித்தான் தெரியும். ஏஜென்சியில் ஒருத்தரும் சொல்லவில்லை.

இரண்டாவது இங்கே. போகும்போது என் பேரில் கணக்குத் திறக்கவில்லை. அனுப்பிய காசெல்லாம் வீட்டுக்காரர் கணக்குக்குத்தான் போனது. வீடு கட்டுகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். செங்கல் படம்கூட அனுப்பினார். வந்து பார்த்தால் அத்திவாரம் மட்டும்தான். அதிலும் காணி அவருடைய தம்பி பேரில். கேட்டால் பிள்ளைகளை வளர்த்தது யார் என்று கேட்கிறார். என் அம்மாதான் வளர்த்தார்.

மாடம் வைத்துக்கொண்ட காசுக்குப் பேசத் தூதரகம் இருந்தது, போய் உட்கார்ந்து ஒரு பகுதியை வாங்கினேன். வீட்டுக்காரர் வைத்துக்கொண்டதைக் கேட்க எனக்கு இங்கே கதவே இல்லை. அது குடும்ப விஷயம் என்கிறார்கள்.

2013இல் இருந்து வெளிநாடு போகும் பெண்ணிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். புருஷன் சம்மதம் வேண்டும், பிள்ளைக்கு வயது பார்க்க வேண்டும் என்று அத்தனை பேப்பர். பிறகு தளர்த்தினார்கள். அவ்வளவு கேட்ட அரசாங்கம், அவள் அனுப்பப்போகும் காசு எந்தக் கணக்குக்குப் போகும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு இன்றைக்குக் கூரை இருந்திருக்கும்.

பதுளை தினேஷ்

ரீட்டா அக்கா, வாசித்துவிட்டு மனது சரியில்லை. எங்கள் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) இதே கதை இரண்டு இருக்கிறது.

ஒரு சந்தேகம், விவாதத்துக்காக இல்லை, உண்மையாகவே கேட்கிறேன். என் சம்பளத்தை நான் அம்மாவிடம் கொடுக்கிறேன். அப்பாவும் அப்படித்தான். வீட்டில் ஒருவர் காசைப் பார்ப்பது நமது பழக்கம்தானே? எது பழக்கம், எது வன்முறை என்று எங்கே கோடு போடுவது? இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் எங்கள் வயதுப் பையன்கள், எல்லா ஆம்பிளையையும் திருடன் என்கிறார்கள் என்று விலகிப் போய்விடுவார்கள்.

வெம்ப்ளி ராஜி

தினேஷ் தம்பி, நல்ல கேள்வி. நான் பொகவந்தலாவையில் பிறந்தவள், இப்போது லண்டனில் கடன் ஆலோசனை கொடுக்கும் ஓர் இடத்தில் வேலை. எங்களிடம் வருகிறவர்களிடம் நாங்கள் கேட்பது மூன்று கேள்விதான். காசு எங்கே போகிறது என்று உனக்குத் தெரியுமா? வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும்? நாளைக்கு உனக்கு அவசரம் என்றால் கேட்காமல் எடுக்க முடியுமா? நீங்கள் அம்மாவிடம் கொடுக்கிறீர்கள், நாளைக்குக் கொடுக்காமல் விட்டால் ஒரு முறைப்போடு முடியும். அடிக்குப் பயந்து கொடுக்கிறவளுடைய கதை வேறு.

பிரித்தானியாவில் 2021இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதார வன்முறையைப் பேர் சொல்லி எழுதியிருக்கிறது. பணமோ சொத்தோ தேடவும் பயன்படுத்தவும் வைத்துக்கொள்ளவும் ஒருவருக்கு இருக்கும் வலுவைப் பெரிதாகக் கெடுக்கும் நடத்தை என்பது அதன் சாரம். பிரிந்து போன பிறகும் கட்டுப்படுத்திக்கொண்டே இருப்பதை 2023இல் குற்றத்துக்குள் கொண்டுவந்தார்கள். இது தானாக வரவில்லை. நிக்கோலா ஷார்ப்-ஜெப்ஸ் என்ற பெண்மணி அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய், அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வந்து, 2017இல் 'சர்வைவிங் எகனொமிக் அபியூஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கனடாவில் பெண்களின் வலுவூட்டலுக்கான ஒரு மையம் நவம்பர் 26ஐப் பொருளாதார வன்முறை விழிப்புணர்வு நாளாக எடுத்து நடத்துகிறது. ஒரு நாட்டில் கண்டுபிடித்த வழியை அடுத்த நாடு எடுத்துக்கொள்கிறது. சர்வதேச ஒத்துழைப்பு என்றால் எனக்கு இதுதான்.

அப்படி எடுக்கத் தக்க ஒன்றைச் சொல்கிறேன். இங்கே ஒரு பெண் ஐந்து இடத்தில் கடன்பட்டிருந்தால், அவள் ஐந்து இடத்துக்கும் போய் தன் கதையை அழுது சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற கடன் ஆலோசகர் ஒரே படிவத்தில் நடந்ததை எழுதி, பொருளாதார வன்முறைதான் இந்தக் கடனுக்குக் காரணம் என்று உறுதிப்படுத்தி அனுப்புவார். கடன் கொடுத்தவர்கள் அதைப் பார்த்து வட்டியை நிறுத்தலாம், கடனைத் தள்ளலாம். எல்லோரும் தள்ளுவதில்லை, ஆனால் கதவு திறக்கிறது. கலிபோர்னியாவில் 2023இல் இருந்து, கட்டாயப்படுத்தி ஏற்ற கடனை மறுத்து நிற்கச் சட்டமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இன்னொரு விதம். பிரிந்த புருஷன்மார் ஐந்து சதம், பத்து சதம் என்று அனுப்பி, அந்தக் குறிப்பில் மிரட்டல் எழுதுகிறார்கள் என்று வங்கிகளே கண்டுபிடித்து மறித்தன.

ஹட்டன் கவுண்டர்

நான் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன், பேர் வேண்டாம். ராஜி அக்கா சொன்ன படிவம் இங்கே வந்தால் நாளைக்கே வேலை இருக்கிறது. என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன்.

குழுக்கடன் பெண்களுக்குத்தான் கொடுப்போம். ஐந்து பேர் ஒருவருக்கு ஒருவர் பிணை. கடன் வாங்க வரும்போது அவளுடன் புருஷன் வருவார். அவள் கையெழுத்துப் போடுவாள், காசை எண்ணுவது அவர். த்ரீவீலுக்கு முற்பணம் கட்டவோ பழைய கடனை அடைக்கவோ போகும். வாராவாரம் சென்டர் மீட்டிங்கில் கட்ட நிற்பது அவள். கட்டாவிட்டால் கூட இருக்கும் நாலு பெண்களும் அவளைப் பிடிப்பார்கள். புருஷனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, அவர் பேர் பேப்பரிலேயே இல்லையே. அப்புறம் கிரிப்பில், அதாவது கடன் கட்டாதவர்களைப் பதியும் கடன் தகவல் பணியகத்தில், பேர் விழும். 'கடன் தகவல் பணியகம் சரியில்லை என்கிறது' என்று சொல்லி அடுத்த தடவை எந்த வங்கியும் அவளுக்குக் கொடுக்காது. அவள் தனியாகப் போய் ஒரு தையல் மெஷின் வாங்க நினைத்தாலும் முடியாது. அவர் பேர் சுத்தமாக இருக்கும்.

மேலதிகாரிகளிடம் சொன்னேன். எங்கள் வேலை கடனைத் திருப்பி எடுப்பது, குடும்பத்தை விசாரிப்பது இல்லை என்றார்கள். பதில் அத்தோடு முடிந்தது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். இந்த மாதிரிக் கடன் கம்பனிகள் பலவற்றுக்கு மூலதனம் வருவது வெளிநாட்டு அபிவிருத்தி நிதியங்களில் இருந்து. பெண்களுக்கு வலுவூட்டுகிறோம் என்று சொல்லித்தான் அந்தக் காசு வருகிறது. எத்தனை பெண்ணுக்குக் கொடுத்தோம் என்று கணக்குக் கேட்கிறார்கள். காசு அவள் கையில் இருந்ததா என்று கேட்பதில்லை. வாணி அக்கா அந்தக் கூட்டத்தில் இதைக் கேட்க வேண்டும்.

மஸ்கெலியா சங்கர்

கவுண்டர் நண்பர் சொன்னது என்னையும் யோசிக்க வைக்கிறது. அதே கேள்வி தேயிலைக்கும் பொருந்துமே. நம்ம கொழுந்து கொழும்பு ஏலத்துக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகிறது. பல தோட்டங்களில் தோட்டம் முறையாக நடக்கிறது என்று ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் போன்ற வெளிநாட்டு அமைப்புகள் கொடுக்கும் சான்றிதழ்ப் பலகை நிற்கிறது. 2020இல் அவர்கள் போட்ட புதிய தரநிலையில் பாரபட்சம், வேலைத்தல வன்முறை, தொந்தரவு இதையெல்லாம் பார்க்க தோட்டத்திலேயே ஒரு குழு வேண்டும் என்று இருக்கிறது. எங்களிடம் அந்தக் குழுவுக்குப் பேர் எழுதினார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். அங்கே கேட்ட கேள்வி மருந்து அடிக்கும்போது பூட்ஸ் போடுகிறீர்களா, பிள்ளைகள் வேலை செய்கிறார்களா என்பதோடு முடிந்தது. பெண்ணின் சம்பளம் பெண்ணிடம் போய்ச் சேருகிறதா என்று அந்தக் குழுவில் கேட்கலாம். கங்காணியோ கணக்கப்பிள்ளையோ, யாரோ ஒருவர் அவள் சம்பளத்தை வேறு ஆளிடம் கொடுத்துத்தானே விடுகிறார். அதை நிறுத்துவது தோட்ட நிர்வாகத்தின் வேலை, குடும்ப விஷயம் இல்லை.

சம்பள உயர்வுதான் முதல் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் இதையும் சேர்த்துக் கேட்பதில் சங்கத்துக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

நோர்வூட் சந்திரா

(அம்மா சொல்லச் சொல்ல மகள் டைப் பண்ணுகிறேன்.)

எல்லோரும் சம்பளத்தைப் பேசுகிறீர்கள். ஈபிஎஃப், ஊழியர் சேமலாப நிதிக் காசைப் பேசுங்கள். எங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள், தோட்டம் 12 போடுகிறது, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 தனி. முப்பது வருஷம் மலை ஏறி இறங்கிய காசு அது. பொம்பிளைக்கு 50 வயதில் எடுக்கலாம், ஆம்பிளைக்கு 55. பொம்பிளைக்கு 50 நெருங்கியதுமே வீட்டில் மரியாதை கூடிவிடும். தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள். காசு வந்த கிழமையே மகனுக்கு த்ரீவீல், மருமகனுக்கு டீவி, வீட்டுக்காரருக்குக் கடன் அடைப்பு. அப்புறம் பழைய மாதிரிதான். என் சிநேகிதி ஒருத்தி ஈபிஎஃப் எடுத்த அடுத்த வருஷமே திரும்பவும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க வந்துவிட்டாள். முட்டி வீங்கிப் போய் இருக்கிறது. எல்லாம் கொடுத்துவிட்டாயா என்று கேட்டால், கொடுக்காவிட்டால் நாளைக்கு யார் பார்ப்பது என்கிறாள். பயம்தான் அவளைக் கொடுக்க வைத்தது, பாசம் இல்லை.

50க்கு முந்தியே வீடு கட்ட, வைத்தியத்துக்கு என்று 30 வீதம் எடுக்கவும் இப்போது இடம் இருக்கிறது. அதற்கும் பேப்பரைக் கொண்டுவந்து கையெழுத்து வை என்பார்கள்.

நாங்கள் இருக்கும் லயத்துக் காம்பராவும் (வீடும்) அப்படித்தான். அது தோட்டத்துக்குச் சொந்தம். பேர் வீட்டுக்காரர் பேரில். அவரை விட்டுப் போகிறேன் என்றால் நான்தான் வெளியே போக வேண்டும். எங்கே போவேன்? இப்போது தனி வீடு, காணி என்கிறார்கள். இந்தியா கட்டிக் கொடுக்கிற வீடும் வருகிறது. அந்த வீட்டு உறுதிப் பத்திரத்தில் பொம்பிளை பேரும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் காசில் கட்டுகிற வீடு என்றால் அந்த வெளிநாட்டுக்காரர் சொன்னால் செய்வார்கள்தானே? அதைக் கேளுங்கள் வாணி.

நுவரெலியா மதி

சந்திரா அம்மா, இதை என் வேலைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று சேர்க்கிறேன். ஈபிஎஃப் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் அவளிடம் தனியாக இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று தொழில் திணைக்களம் ஒரு நடைமுறை வைத்தாலே பாதிப் பிரச்சினை வெளியே வரும். கூட வந்தவரை வெளியில் இருக்கச் சொல்லச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

எல்லை தாண்டிய விஷயத்திலும் ஒன்று இருக்கிறது. கணவன் கட்டாருக்கோ சவுதிக்கோ போய்ச் சம்பாதிக்கிறான், இங்கே பிள்ளைக்குக் காசு அனுப்புவதை நிறுத்திவிடுகிறான். பராமரிப்புக் கட்டளை வாங்கினாலும் அங்கே போய் எப்படி வசூலிப்பது? பிள்ளைப் பராமரிப்புத் தொகையை நாடு விட்டு நாடு வசூலிக்க 2007இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். இலங்கை அதில் இல்லை, நம்மவர்கள் வேலைக்குப் போகும் வளைகுடா நாடுகளும் இல்லை. வேலையாட்களை அனுப்ப நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் போடுகிறார்கள். அந்த ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு வாசகம் சேர்க்கச் சொல்லலாம்.

பண்டாரவளை ரீட்டா

மதி சொன்னதோடு இதையும் சேருங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் போகுமுன் பயிற்சி கொடுக்கிறார்கள். துணி துவைக்கும் மெஷின் போடச் சொல்லித் தருகிறார்கள். அதே வகுப்பில் ஒரு வங்கிக்காரரைக் கொண்டுவந்து, அவள் பேரில் ஒரு கணக்கு, சேமிப்புக்குத் தனியாக இன்னொரு கணக்கு என்று இரண்டு திறந்து கொடுக்கட்டும். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்று அவள் முடிவு செய்து அனுப்புவாள். மிச்சம் அவளுடையது. அங்கே சம்பளம் கட்டாயம் வங்கி மூலம்தான் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மாடமும் பிடித்து வைக்க முடியாது. இரண்டு நாடும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

பதுளை தினேஷ்

ராஜி அக்காவின் மூன்று கேள்வியை எங்கள் விளையாட்டுக் கழகத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தன் தனியாக எழுதினான், தன் அக்காவுக்கு இது நடக்கிறது, என்ன செய்வது என்று. என்ன சொல்ல?

கொட்டகலை வாணி

தினேஷ், முதலில் அந்தப் பையனிடம் சொல்லுங்கள், அத்தான் வீட்டுக்குப் போய் சண்டை போட வேண்டாம். அவன் திரும்பி வந்த பிறகு அடி விழுவது அக்காவுக்குத்தான். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவள் தன் போனிலிருந்து எடுக்க முடியாவிட்டால் வேறு யாருடைய போனிலிருந்தாவது எடுக்கட்டும். அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளத் துண்டு, வங்கிப் புத்தகம் இதையெல்லாம் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் வைக்கட்டும். ஏடிஎம் கார்டு அவர் கையில் இருந்தால் வங்கிக்குப் போய் ரகசிய இலக்கத்தை மாற்றலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். இலக்கம் மாறியது தெரிந்த அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்து, இருக்க ஓர் இடம் பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும்.

இப்போது கூட்டத்துக்கு. நீங்கள் எழுதியதையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. தேயிலையும், வளைகுடாச் சம்பளமும், கடன் கம்பனியின் மூலதனமும், வீட்டுத் திட்டமும் எல்லாம் வெளிநாட்டோடு தொடர்புள்ள காசு. அது கடல் தாண்டி வந்து கடைசியில் லயத்து வாசலில் அவள் கையை விட்டுப் போகிறது. அந்தக் காசை அனுப்புகிற, வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன்: கடைசியில் அது யார் கையில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? சான்றிதழ் கொடுப்பவர் தோட்டத்தில் கேட்கட்டும். நிதியம் கடன் கம்பனியிடம் கேட்கட்டும், ராஜி சொன்ன படிவத்தையும் ஏற்கச் சொல்லட்டும். வீடு கட்டிக் கொடுக்கும் நாடு உறுதியில் இரண்டு பேரும் இருக்கிறார்களா என்று பார்க்கட்டும். ஆள் அனுப்பும் ஒப்பந்தத்தில் ரீட்டா சொன்னதும் மதி சொன்னதும் வரட்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறையைச் சேர்ப்பது நம் பாராளுமன்றத்தின் வேலை. அதற்கு அவர்கள் வழிமொழியலாம், நாம்தான் தள்ள வேண்டும்.

பத்து நிமிடத்துக்கு இது கூடுதலா?

வெம்ப்ளி ராஜி

கூடுதல்தான். சட்டத்தை விடுங்கள், அதை அங்கே யாரும் மாற்றித் தர முடியாது. கடன் படிவத்தையும் வீட்டு உறுதியையும் முன்னால் வையுங்கள், கேட்பவர்களில் சிலர் நாளைக்கே செய்யக்கூடியவை. படிவத்தின் மாதிரியை நான் தமிழில் எழுதித் தருகிறேன். எங்கள் இடத்தில் எப்படி நிரப்புகிறோம் என்று காட்ட, உங்கள் குழுவுக்கு ஒரு சனிக்கிழமை ஸூமில் வருகிறேன்.

ஹட்டன் கவுண்டர்

நானும் வருகிறேன். எந்தக் கேள்விக்குக் கம்பனி என்ன சாக்குச் சொல்லும் என்று எனக்குத் தெரியும், படிவத்தை அதற்கு ஏற்ற மாதிரி எழுதலாம்.

நோர்வூட் சந்திரா

(அம்மா சொல்கிறார்) சனிக்கிழமை வேலை இருக்கும். ஞாயிறு வையுங்கள், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு. காலையில் தண்ணி பிடித்து, துணி துவைத்து முடிக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா (பிள்ளைகளைப் பார்க்கும் இடம்) ஆயாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லாம் அவருக்குத் தெரியும்.

கொட்டகலை வாணி

சரி, ஞாயிறு மூன்றரை. இணைப்பை இங்கே பொதுவில் போடமாட்டேன், ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புகிறேன். வீட்டில் போன் பார்க்கிறவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கூட்டத்தின் பேரை 'தையல் வகுப்பு' என்று போடுகிறேன்.